எது மேல் பக்கம்

டவுன் பஸ் நெரிசலில்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார் கான்வாஸை.
சுருட்டி எடுத்து வந்திருக்கலாமே என்றேன்.
ஈரம் என்றார்.

செவ்வாய்ப்பேட்டையில் என் கடை.
சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும்
சட்டம் போட்டுப் பழகிய கை.
இதில் முகமே இல்லை.
எது மேல் பக்கம்?
இன்னைக்கு இது, என்று
பின்புறம் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி இழுத்தார்.
பில்லுக்குப் பெயர் கேட்டேன்.
மாதம்மாள். கருப்பூர். தபால் ஆபீஸ் வேலை.

பதினொரு வருஷம், அறுபத்து மூன்று சட்டம்.
பாக்கி நானூறு ரூபாய், இன்றுவரை.

எல்லாம் கறுப்பு.
என்னத்தை வரையுது அந்தம்மா என்பான் என் தம்பி.
அவன் ஆணி அடித்ததில்லை.
இழுத்து மடிக்கும்போது விளிம்பில் தெரியும்:
அடியில் வெள்ளை,
அதன்மேல் நகக்கீறல் அளவு
ஏற்காட்டு பாக்சைட் சிவப்பு,
பிறகுதான் கறுப்பு. அதுவும் ஒன்றல்ல.
மழை நின்ற தார்ரோடு ஒன்று,
நாவல்பழம் தின்ற நாக்கு ஒன்று,
இன்னொன்றுக்கு என்னிடம் பெயரில்லை.
தொட்டால் விரலில் ஒட்டாது,
வீட்டுக்குப் போனபின்
கண்ணை மூடினால் ஒட்டியிருக்கும்.

சென்னையிலிருந்து காரில் வந்த ஒருவர்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.
'பிரமாதம் மேடம். ஆனா உங்க ஜனங்க எங்கே?
ஒரு குடிசை, ஒரு பறை, அழுகிற ஒரு கண்ணு
இருந்தா டெல்லிக்கே அனுப்பலாம்.'
மாதம்மாள் என் டேப்பை வாங்கினார்,
அவர் முன்னாலேயே அளந்தார்.
'நாலுக்கு ஆறு.
இடமில்லீங்க சார், ஆள் நெறஞ்சிருக்கு.'
கார் திரும்பிப் போனது.
டேப்பைச் சுருட்டித் தந்த கை
நடுங்கியதையும் சொல்ல வேண்டும்.

ஒரு ஐப்பசி மாலை, கரண்ட் இல்லை.
கேட்காமலே சொன்னார்:
அம்மாவுக்கு வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை.
பொழுது சாய வருவார், புருவம்கூட வெளுத்து.
பயந்து கிட்டப் போகமாட்டாராம் பிள்ளை.
'ரெண்டு குடம் தலைக்கு ஊத்துனப்பறம்
நெத்தியிலேர்ந்து மெதுவா எறங்கி வரும் கறுப்பு.
கழுத்துக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்குவேன்.'
கரண்ட் வந்தது.
தேக்குச் சட்டம் அடி என்ன விலை என்றார்.

கடைசியாகக் கொடுத்ததில் அம்புக்குறி இல்லை.
மறந்துட்டீங்களா என்றேன்.
'நீங்களே மாட்டுங்க.'
கல்லாவுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.
மாசத்துக்கொரு தடவை திருப்பிப் போடுகிறேன்,
இன்னும் முடிவாகவில்லை.

நேற்று நாலு பேர் வந்தார்கள்,
இறந்துபோன அக்காவின் போட்டோவோடு.
பெரிசு பண்ணி, மாலை வைத்து,
'அப்படியே கொஞ்சம் கலரும் ஏத்திக் குடுங்க.
பாவம், ரொம்பக் கறுப்பு.'
இருபது வருஷமாக ஏற்றிக் கொடுத்தவன்தான்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கம்ப்யூட்டர் ரிப்பேருங்க என்றேன்.

ரிப்பேர் இல்லை.