அரைப்பேர்

கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை ஒன்றைக் கிழித்து
உள்ளே பாட்டுப் பாடும்
சின்ன வட்டத் தகட்டை எடுத்தேன்.
வயர் பற்றவைத்தேன்.
இதுவரை பாடியது, இனிக் கேட்கும்.

நடுக்கணக்கில் அதை ஒட்டாத இடமில்லை.
கொழுந்து மடுவத்துத் தராசின் கொக்கி,
பீலியின் துருப்பிடித்த குழாய்,
பொகவந்தலாவை பஸ்ஸின் பின் கண்ணாடி:
வழியெல்லாம் அது பல் கிட்டிக்கொண்டே வந்தது.

வைகாசி மழை.
மரியபுஷ்பம் அக்காவின் காம்பராவில்
வெளியே பெய்தது ஒன்று,
உள்ளே பெய்தது இன்னொன்று.
பெயின்ட் வாளி, சில்வர் சட்டி இரண்டு,
மகனின் பழைய சாப்பாட்டுப் பெட்டி,
தலைமாட்டில் ஒரு பிஸ்கட் டின்.
எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் என்று
இருட்டிலும் அவர் கைக்குத் தெரியும்.
நிரம்ப நிரம்ப டின்னின் குரல் தடித்தது.
வாளி மட்டும் லோன்காரன் மாதிரி
எதிர்பாராத நேரத்தில் தட்டியது.

விடியலில் மழை விட்டது.
தகரத்து ஓட்டைகள் வழியே வெயில்
சிமெந்துத் தரையில்
ஐந்து காசாக விழுந்து கிடந்தது.
உண்மையாகவே
ஒன்றை எடுக்கக் குனிந்துவிட்டேன்.
எவ்வளவு அழகு என்று
வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தவர்
கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஆமா புள்ள, அழகுதான்.
நீ வர்றதுக்கு முந்தியே
பதினோரு வருசமா அழகுதான்."

கொழும்பில் வெள்ளைச் சுவர், ஏசிக் குளிர்.
ஐந்து ஒலிபெருக்கி, தரையில் ஐந்து ஒளிக் காசு.
யாரும் சொல்லாமலே
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.
கண்ணை மூடி நெடுநேரம் நின்ற ஒருவர் கேட்டார்,
இது எந்த நாட்டு வாத்தியம்?
பிஸ்கட் டின், என்றேன்.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை மட்டும் நான் பதிவுசெய்யவில்லை.

சுவரில் ஒட்டும் அட்டை அச்சாகுமுன்
போனில் கேட்டிருந்தேன்:
"அக்கா, உங்க பேரும் போடவா?"
மலையில் நின்றிருப்பார், காற்று இரைந்தது.
பதினெட்டுக் கிலோ தேறாத நாளெல்லாம்
செக்ரோலில் பாதி நாளாய் விழுந்தவர்
கேட்டார்:
"முழுப்பேரா, அரைப்பேரா?"

முழுப்பேர் போட்டேன், என் பேருக்கு மேலே.
அதனால் ஒரு சொட்டும் நிற்கவில்லை.
எனக்குக் கிடைத்த காசில்
பாதியை எண்ணும்போது அந்தச் சொல் கடித்தது.
மீதியையும் எண்ணிச் சேர்த்தேன்.

ஐப்பசியில் போனேன்.
பன்னிரண்டு தகரம் வேண்டிய கூரைக்கு ஏழு வந்திருந்தது.
வெலை ஏறிருச்சு, என்றார்.
சட்டி இரண்டும் அடுப்படிக்குத் திரும்பியிருந்தன,
ஒன்றில் பருப்புக் கொதித்தது.
சாப்பாட்டுப் பெட்டியில் ஊசி, நூல், பட்டன்.
வாளியும் டின்னும் மட்டும் பழைய இடத்தில்.
"அதுகளுக்கு இன்னும் பென்சன் கெடைக்கல."

அன்றிரவும் தகட்டை ஒட்டினேன்.
இரண்டே குரல்.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
முன்பில்லாத நீண்ட வெளி.
அதற்குள் என்னவோ கேட்டது.
ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டேன்.
மூச்சு.
ராத்திரிக்கு நாலு தரம் எழுந்து
வாளி கவிழ்த்தவர்
புரண்டு படுக்கிறார், கட்டில் முனகுகிறது,
மறுபடியும் மூச்சு,
அவசரமில்லாமல்.

இவ்வளவு நாள் சேகரித்ததில்
இதற்கு நிகராக ஒன்றும் இல்லை.
தகட்டைக் கழற்றிவிட்டேன்.

மூன்று மணிக்கு வாளி நிரம்பியது.
நான்தான் எழுந்தேன்.