ஆறு நாற்பது

மணற்கல்லில் இரும்பு செருகக் கூடாது,
போஹீமியாவில் அப்படித்தான்.
கயிற்று முடிச்சைப் பிளவில் திணித்துவிட்டு ஏறு.
முடிச்சைவிட நான் நம்பியது பிளாங்காவை:
கீழே, இரு கையும் கயிற்றில்,
வாயில் கவ்விய ஆப்பிள்.
கத்தினாலும் பதில் வராது.

உச்சியில் தகரப்பெட்டி, உள்ளே குறிப்பேடு.
ராதிம் மூன்று பெயரையும் எழுதினான்,
என்னுடையதில் ஓர் எழுத்தை விழுங்கி.
பென்சிலைக் கேட்டேன்.
"ஆறு நாற்பது ரயில்!" என்றான்.

பிறகு ஓட்டம்தான்.
இடுப்பில் கொக்கிகள் கிலுகிலுக்க,
பைன் வேர் தடுக்க,
சிராய்த்த முழங்கையில் மணல் ஒட்ட,
நான்கு கிலோமீட்டர்.
பாறையில் நடுங்காத தொடை
நடைமேடையில் நடுங்கியது.

சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது.
யாரும் யாரையும் திட்டவில்லை.
பிளாங்கா பையிலிருந்து
மிச்ச ஆப்பிளை எடுத்தாள்.
கடைசியாக ஓடி வந்ததால்
முதல் கடி எனக்கு.