எடையின் கீழே குதிரைகள்

என் வேலை வகுத்தல்.
காரின் எடையைக் குதிரைத்திறனால் வகுப்பேன்.
விடை பத்துக்குக் கீழே போனால்
விண்ணப்பத்தில் சிவப்பு முத்திரை.

1970, அக்டோபர். ஹாம்ட்ராம்க்.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் லெஷெக் வ்ரோனா,
இருபத்து மூன்று வயது,
நகத்திடுக்கில் டாட்ஜ் தொழிற்சாலையின் கிரீஸ்.
வாசலில் அவன் சேலஞ்சர்,
நாவற்பழ நிறத்தில், நடைபாதையை மறைத்துக்கொண்டு.

மூவாயிரத்து எழுநூறு பவுண்டு.
முன்னூற்றுத் தொண்ணூறு குதிரைகள்.
ஒன்பதரை, என்றேன்.
கார்த் தவணையைவிடப் பிரீமியம் அதிகம்:
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

"முன்சக்கர நட்டு முறுக்குவதே நான்தான்.
என் காருக்கு நானே ஆபத்தா?"

பதில் என் அட்டவணையில் இல்லை.
ஆறு வருடம் முன்பு பாண்டியாக்காரர்கள்
நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்தார்கள்.
அதிலிருந்து ஊரில் எல்லாருக்கும் அதே காய்ச்சல்,
எங்களுக்கு மட்டும் இறுதிச்சடங்குக் கணக்கு.

சனி இரவு. உட்வர்ட் சாலை.
ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள்.
"மூன்று கார்புரேட்டர்" என்றான்,
"நடுவில் இருப்பது மட்டும்தான் விழித்திருக்கும்.
பக்கத்து இரண்டும் தூக்கம்."
பச்சை விழுந்தது.
மிதித்தான்.

இரண்டும் எழுந்தன.

சாலை மடியில் வந்து விழுந்தது.
கைப்பை பின்சீட்டுக்குப் போனது,
வயிறு அதற்கும் பின்னால்.
ரப்பர் வாசனை, பெட்ரோல் வாசனை,
யாரோ சிரிக்கும் சத்தம், அது நான்.

ஓடத் தெரிந்த அளவு
அதற்கு நிற்கத் தெரியவில்லை.
பதினோராம் மைல் சிக்னலில்
கோட்டைத் தாண்டி, குறுக்குச் சாலையில் மூக்கை நீட்டி,
குலுங்கிக் குலுங்கி நின்றது.
பால் வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தபடி
சிலுவை போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடி வகுத்தேன்.
ஒன்பதரைதான்.
முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.

எழுபத்திரண்டில்
குதிரைகளை எண்ணும் முறையையே மாற்றினார்கள்.
முன்பு மேசைமேல் வெற்றுடம்பாய் ஓடிய எஞ்சின்;
இப்போது மின்விசிறி, சைலன்சர்
எல்லாம் பூட்டிவிட்டு எண்ணினார்கள்.
உண்மையிலேயே கொஞ்சம் செத்திருந்தன,
மீதி காகிதத்தில் செத்தன.
என் சிவப்பு மை புட்டியிலேயே காய்ந்தது.

அந்த மார்ச்சில் லெஷெக் வந்தான்.
சேலஞ்சரை ஒஹாயோக்காரன் யாருக்கோ விற்றிருந்தான்.
கையில் ஒரு டார்ட், ஆறு சிலிண்டர், பழுப்பு.
இருபத்தாறு, என்றேன்.
உடனே ஒப்புதல்.
அவன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

"அன்றைக்கு முள் எதுவரை போனது?
நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நீதானே எண்களின் ஆள்."

நான் பார்க்கவே இல்லை, லெஷெக்.