பிறப்பால், நாளுக்கொரு முறை

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி கரையோரமாய் உறைந்து கிடக்கிறது.
வெண்டலின் பேஸ்மென்ட்டில் ட்ரையர் சுற்றுகிறது,
அதன் தலைமேல் அதிர்ந்தபடி
சிப்ஸ் கிண்ணம்.

குகைக்குள் விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது எங்களுக்கு.

நான் மனிதன்.
மனிதனுக்குப் பிறவி மந்திரம் கிடையாது,
கூடுதலாய் ஒரு திறமை எடுத்துக்கொள்ளலாம்.
கயிற்றில் முடிச்சுப் போடுவதை எடுத்திருந்தேன்,
வேறெதுவும் தோன்றாமல்.
பெர்னிஸ் குள்ளன்;
இருட்டில் அறுபதடி தெரியும்,
நிறம் மட்டும் தெரியாது.
சோல்வே எல்ஃப்.
எல்ஃபுக்கு நாளுக்கொரு முறை
உள்ளங்கையில் வெளிச்சம் வரும்.
படிக்க வேண்டாம், தவம் வேண்டாம்,
பிறந்தால் போதும்.

ஏழு மாதமாக ஆடுகிறோம்.
ஒரு தடவைகூட அவள் அதைக் கூப்பிட்டதில்லை.
"இப்பவாவது ஏத்தேன்" என்றான் வெண்டல்.
"இவளுக்கு அது இருக்கிறதே தெரியாது" என்றாள்.

தன் எல்ஃபைக் குள்ளர் சுரங்கத்தில்
கைக்குழந்தையிலிருந்து வளர்த்திருந்தாள் சோல்வே.
பாறையைத் தட்டி வயது சொல்வாள்.
குள்ளர் மொழியில் வைவாள்.
வில்லைத் தலைகீழாய்ப் பிடிப்பாள்.

வெண்டல் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தான்,
காபிக் கறை வட்டமிட்ட பக்கம்.
"பிறப்பால்னுதான் போட்டிருக்கு.
வளர்ப்பைப் பத்தி ஒண்ணும் இல்லை."
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன் அவன்.
எந்தத் தெருவை முதலில் வாருவது என்பதற்கும்
அவனிடம் ஒரு தாள் உண்டு.

"சரி, பிறப்பாலேயே இருக்கட்டும்.
அப்ப தொட்டில்லயே எரிஞ்சிருக்குமே?
இருட்டிலே பார்க்கிறவங்க ஊரிலே
கண் கூச வைக்கிற ஒரு பிள்ளை.
அம்மா என்ன செஞ்சிருப்பா?"

புசானிலிருந்து ஐந்து மாதக் குழந்தையாய்
இந்தக் குளிருக்குள் வந்து இறங்கியவள் சோல்வே ட்வெய்ட்.
அவள் அம்மா சுட்டனுப்பிய உருளைக்கிழங்கு ரொட்டி
சர்க்கரை தூவி, அலுமினியத் தாளில் சுருண்டு
மேசையில்தான் இருந்தது.
நான் குகையைப் பற்றி யோசிப்பதாகக்
காட்டிக்கொண்டேன்.

"போர்வை போட்டு மூடியிருப்பா" என்றாள் பெர்னிஸ்.

"இல்லை. கையைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு
உட்கார்ந்திருப்பா.
ஒவ்வொரு ராத்திரியும், அணையற வரைக்கும்.
விரல் இடுக்கிலே சிவப்பாத் தெரிஞ்சிருக்கும்.
இவ அதை அம்மாவோட சூடுன்னு நினைச்சிருப்பா.
வெளிச்சம்னு இல்லை."

வெண்டல் புத்தகத்தை மூடினான்,
விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.
"பகடையைப் போடு.
பதினைஞ்சுக்கு மேலே விழுந்தா
நினைவுக்கு வரும்."

நான்கு விழுந்தது.

ஆகவே இருட்டு.
எல்லோர் இடுப்பிலும் கயிறு கட்டினேன்,
குள்ளன் முன்னால், எல்ஃப் நடுவில், நான் கடைசி.
முடிச்சுக்குப் பகடை வேண்டாமென்று
விட்டுக்கொடுத்தான் வெண்டல்.
சோல்வே ரொட்டியைப் பிரித்து
ஆளுக்கொன்று கொடுத்தாள்.

ட்ரையர் நின்றது. கிண்ணமும்.
இவ்வளவு நேரமும் அது
சத்தம் போட்டுக்கொண்டிருந்தது
அப்போதுதான் கேட்டது.