அரைக் குன்றிமணி

"பொன் நிறுக்கும் தட்டில் தோட்டாவா?" என்றார்
கொழிஞ்சாம்பாறைத் தட்டார் லாசர்.
ஒரே பெட்டி, ஒரே ஆலை.
இருந்தும் ஐம்பதில் ஏழு
அரைக் குன்றிமணி கனம் கூட.
மருந்து மிஞ்சியதோ, ஈயமோ,
பித்தளை வாய் திறக்காது.
அந்த ஏழும் வேறு டப்பாவுக்கு.

நூறு கெஜம். மணல்மூட்டை.
நல்லவற்றில் ஐந்து என் உள்ளங்கைக்குள் அடங்கின.
ஒதுக்கியதில் ஒன்று
சாண் உயரம் ஏறி
காகிதத்தையே தவறவிட்டது.

இரவு. பஞ்சாயத்து உத்தரவு சட்டைப்பையில்.
கணவாய்க் காற்று விழுந்த நேரம்
கடலைக்காட்டில் பன்றி,
பக்கவாட்டில், அசையாமல்.
அதன் முதுகுக்கு நேர் பின்னே
பனைகளுக்கிடையில்
எமிலி வீட்டு அடுப்படி விளக்கு.

விரலை எடுத்தேன்.
பன்றி போயிற்று.

காலையில் அதே தோட்டாவை
லாசரின் தட்டில் வைத்தேன்:
இம்மியும் குறையவில்லை.