நாலாவது ஜர்னல்

சங்ககிரி ஆர்.எஸ். ரோட்டில்
டெம்போவின் பின்கதவைத் திறந்தால்
சாக்குக்குள் கிடந்தது
பாவாயி அம்மாவின் ரிக் வண்டி கிராங்க்.
ராய்ச்சூர்ப் பக்கம், எழுநூறு அடியில்,
கம்ப்ரஸர் இஞ்சின் பிடித்துக்கொண்டதாம்.
"ஈரமண்ணு வந்துருச்சுங்க, தண்ணிக்கு இன்னொரு பைப்புதான்."
அதுதான் அவருக்கு வெசனம்.

ஆறு ஜர்னலில் ஐந்து வெள்ளை.
நாலாவது மட்டும்
கத்தரிப்பூ நிறத்தில் வெந்திருந்தது.

சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினேன்.
கோயில் மணிபோல் நின்று ஒலித்தது.
விரிசல் இல்லை.
ஏற்கெனவே இருபது கழித்த கிராங்க்.
இனி முப்பது. நாற்பது ஒன்றுதான் மிச்சம்,
அப்பறமேல்ட்டு பழைய இரும்புக் கடை.

"நாலாவதை மட்டும் தேச்சு
அதுக்கு மட்டும் முப்பது பேரிங் போட்டா ஆகாதுங்களா?"
ஆகும். ஓடும்.
அடுத்துப் பிரிக்கிறவன் ஒரு மூடியைத் திறந்து
ஒரு எண்ணைப் பார்த்து
ஆறுக்கும் அதையே வாங்கி வருவான்.
சொன்னேன்.
ஆறையும் தேய்க்கச் சொன்னார்.

ஈரோட்டுக் கடை மூன்று பெட்டி கொடுத்தனுப்பியிருந்தது.
ஒன்று அலுமினியம், பாதி விலை.
ஒன்றில் பேர் மட்டும் கம்பெனியுடையது,
அச்சில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தது.
மூன்றாவது செம்பும் ஈயமும்,
மேலே நகம் பட்டால் குறி விழுகிற பூச்சு.
"இத்தனை மெத்துனு இருக்குதே, இதா தாங்கும்?"
மெத்தென்று இருப்பதால்தான்.
துகள் வந்தால் தான் விழுங்கிக்கொள்ளும்,
தண்டைக் கீற விடாது.
ரிக் வண்டி மூச்சு விடுவது பூராவும் கல்மாவு அல்லவா.

பேசிக்கொண்டே பழைய பேரிங்கைத் துடைத்தேன்.
விளிம்பில் மட்டும் பளபளவென்று ஒரு கோடு.
எண்ணெய் வற்றினால் அப்படி வராது.
ஜர்னலின் மூலையில் வளைவு பெரிதாகிவிட்டால்
பேரிங்கின் ஓரம் அதன்மேல் ஏறி உட்காரும்,
அப்போது வரும்.
எவனோ கல்லின் முனையை அதிகம் உருட்டியிருக்கிறான்.

கிரீஸை வழித்து உளிக்குறி தேடினேன்.
இருபது. போன வருஷம், தை.
பக்கத்தில் ஒரு தீ.

தீ என்றால் தீர்த்தகிரி.
தீர்த்தகிரி நான்தான்.

நோம்பிக்கு முந்தின நாள், வரிசையில் ஒன்பது கிராங்க்.
நாலாவதுக்கு வரும்போது கல்லை மறுபடி சீவினேன்.
வளைவு கேஜ் எங்கேயோ கிடந்தது,
கண்ணளவில் விட்டேன்.

பாவாயி அம்மா கைப்பைக்குள்
போன வருஷத்துப் பில்லைத் தேடிக்கொண்டிருந்தார்.
அது வெளியே வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.
"அப்ப மூணாவது பெட்டியே போடுங்க.
காசும் நீங்களே குடுத்துருங்க."

கொடுத்தேன். கூலியும் எழுதவில்லை.

தேய்த்து முடித்து
பச்சை மெழுகு நூலை ஜர்னலில் படுக்க வைத்து
ராடை மாட்டி, மூடியைப் போட்டு,
டார்க் ரென்ச் டக்கென்று சொல்லும்வரை இறுக்கித்
திரும்பக் கழற்றினேன்.
நூல் நசுங்கி ரிப்பனாய்க் கிடந்தது.
அதன் அகலத்தில் இருக்கிறது இடைவெளி:
மூன்று. ஒரு தலைமுடி.
அத்தனை இடத்தில் எண்ணெய் நின்று
இரும்பும் ஈயமும் தொட்டுக்கொள்ளாமல்
விடிய விடியப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலாவதை மூன்று தடவை பார்த்தேன்.
மூலையில் கேஜை வைத்து, பின்னால் டார்ச் அடித்து,
வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன்.
பிறகு உளியை எடுத்தேன்.
முப்பது. மாசி.
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
தீ.

மூன்று வாரம் கழித்து, ராத்திரி, போன்.
யாரும் பேசவில்லை.
இஞ்சின் பக்கத்தில் பிடித்திருக்கிறார்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்,
அந்த இரைச்சலுக்குள் எங்காவது
ஒரு தட்டல் இருக்கிறதா என்று.

"ஆயில் பிரஷர் எவ்வளவுங்க?"
"நாலு."
"சூடான பொறகா?"
"சூடான பொறகுதானுங்க."

அங்கே யாரோ கன்னடத்தில் என்னவோ கத்தினார்கள்.
போன் கட்டாயிற்று.