இருபத்தொன்றாவது

பாகலூர் தாண்டி மண்பாதையில் இறங்கினால்
வெள்ளைப் பாலித்தீன் கூடாரங்கள்.
கடைசிக் கொட்டகையில் நான்.
இரும்புக் கதவு போட்ட குளிர் அறைக்கு
நாங்கள் வைத்த பெயர் ரஷ்யா.
"ரஷ்யாவுக்குப் போய் நாலு பெட்டி எடுத்தா" என்பாள் முனிரத்னா.
மாசி வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிப் போய்
பல் கிட்டித்துத் திரும்புவேன்.

நிஜ ரஷ்யாவிலிருந்து ஆர்டர் வந்தது
இந்த வருஷம்தான்.
மார்ச் எட்டுக்குள் போய்ச் சேரவேண்டும்,
பன்னிரண்டாயிரம் காம்பு.
தாஜ்மகால் ரகம், எழுபது சென்டிமீட்டர்,
முள் மழித்து, மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டி
அட்டையில் சுருட்டி
கட்டுக்கு இருபது.

திம்மராயன் அங்கே மூன்று வருஷம் டாக்டருக்குப் படித்தவன்.
புளியந்தோப்பு விற்றும் நாலாம் வருஷத்துக்குத் தேறவில்லை.
இப்போது எங்கள் காம்புகளுக்கு நீளம் பார்க்கிறான்.
அன்றைக்கு அங்கே லீவு என்றான்.
பெண்களுக்கான நாளாம்.
ஆண்கள் காலையிலேயே பூக்கடை வாசலில் வரிசை,
பாதி உருகிய பனி காலடியில் சேறு,
குளிர் பட்டால் இதழ் கறுக்குமென்று
கோட்டுக்குள் பொத்திக்கொண்டு போவார்களாம்.
வாத்தியாரம்மாவுக்கு, டிராம் ஓட்டுகிறவளுக்கு,
இவன் ஹாஸ்டலில் தரை துடைத்தவளுக்கும்கூட
மஞ்சளாய்ப் பொடிப்பொடியாய்
நம் வேலம்பூ மாதிரி ஒரு கொத்து.
அன்று சமையலும் அவர்களாம்.
"தீய்ஞ்சுபோகுமே?"
"தீயும். யாரும் சொல்லமாட்டாங்க."
முனிரத்னா வெகுநேரம் சிரித்தாள்.
அந்த லீவுக்காக எங்களுக்கு
ஐந்து ராத்திரி ஓவர்டைம்.

பிறகு, கட்டுகளைப் பார்த்தபடி,
யாரும் கேட்காமலே சொன்னான்:
இரட்டைப்படையில் பூ கொடுத்தால் அங்கே சாவு.
இரண்டு, நாலு, ஆறு
கல்லறைக்கு.
உயிரோடிருப்பவளுக்கு
ஒன்று, மூன்று, ஐந்து.

கை நின்றுவிட்டது.
மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் சேர்க்கிற ஊர் எங்களுடையது.
அந்த ஒற்றை ரூபாய்க்கு
முந்தானை முடிச்செல்லாம் அவிழ்த்துத் தேடியிருக்கிறேன்.
நாலு நாளாய் இருபது இருபதாய்
எத்தனை பேரைப் புதைத்தேனோ.

கடைக்காரன் பிரித்துத்தான் விற்பான் என்றான்.
விற்பான்தான்.
யாரோ ஒரு அவசரக்காரன்
கட்டோடு வாங்கிப் போய்விட்டால்?

ராத்திரி பதினொன்றரை.
ஏர்போர்ட் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.
கழித்த குவியலில் துழாவினேன்.
அறுபத்தெட்டு சென்டிமீட்டர்,
ஓரத்து இதழில் ஒரு வெயில்தழும்பு.
கடைசிக் கட்டை அவிழ்த்து நடுவில் செருகினேன்.
தலை சரியாக நின்றது,
கீழேதான் காம்பு எட்டவில்லை.
முனிரத்னா தெலுங்கில் எண்ணிக்கொண்டே வந்தவள்
இருபதுக்கு அப்புறம் ஒன்றைச் சத்தமில்லாமல் சொன்னாள்.
மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கட்டுக்கு
நான் என்ன செய்ய.
திம்மராயன் பார்த்தான்.
தாளில் இருபது என்று எழுதினான்.

எட்டாம் தேதி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள்.
முனிரத்னா போன் செய்து
"இன்னிக்கு உனக்கு லீவுடி" என்றாள்.
குழாயடியில் பன்னிரண்டு குடம் பிடித்து வைத்தேன்.
தண்ணீர் நிற்கப்போகும் நேரம்
ஓடிப்போய்
ஒரு சொம்பும் எடுத்துவந்தேன்.